14 பேர், நான்கு வழி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் வெப் நிரலாளர்கள் 14 பேர். ஆறு ப்ராஜெக்ட் ஓடுகிறது. இரண்டு லாரவெல் (பிஎச்பி மொழி), இரண்டு ஜாங்கோ (பைத்தான்), ஒன்று நோட் – எக்ஸ்பிரஸ் (ஜாவாஸ்கிரிப்ட்), ஒன்று எந்த ஃபிரேம்வொர்க்கும், அதாவது வெப் மென்பொருள் கட்டத் தயாராகக் கிடைக்கும் சட்டகமும், இல்லாத பழைய பிஎச்பி. இனி எல்லாரும் ஒன்றில்தான் எழுத வேண்டும், எது என்று இரண்டு மாதத்தில் சொல் என்று நிர்வாகம் பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டது. கூட்டம் போட்டால் ஆளாளுக்குத் தனக்குத் தெரிந்ததே சிறந்தது என்கிறார்கள். வேகத்தை ஒப்பிடும் பட்டியல்களைப் பார்த்தால் குழப்பம்தான் கூடுகிறது. எதை வைத்து முடிவெடுப்பது?
– ஒரு குழுத் தலைவர்

பதில்: முதலில் அந்த வேகப் பட்டியல்களை மூடி வையுங்கள். நொடிக்கு எத்தனை கோரிக்கையைத் தாங்கும் என்று அவை அளக்கின்றன. உங்கள் பயனர் காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் டேட்டாபேஸில்தான் கழிகிறது. நூறு ஆர்டர்களைக் காட்டும் ஒரு பக்கம் இருக்கிறது என்று வையுங்கள். ஆர்டர்களை ஒருமுறை கேட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளர் பெயரைத் தனித்தனியாகக் கேட்டால் 101 முறை டேட்டாபேஸுக்குப் போய் வர வேண்டும். இந்தத் தவறை எந்த ஃபிரேம்வொர்க்கிலும் செய்யலாம். ஜாங்கோவில் 'செலக்ட் ரிலேட்டட்', லாரவெலில் 'வித்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் ஒன்றிரண்டு கேள்வியோடு வேலை முடிந்துவிடும். அந்தச் சொல்லைச் சேர்க்கத் தெரிந்தவர் உங்கள் டீமில் எத்தனை பேர் என்பதுதான் உங்கள் வேகம்.

அப்புறம், 'எது சிறந்தது' என்ற கேள்வியையும் கூட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக இதைக் கேளுங்கள்: எழுதியவர் ஊரில் இல்லாத நாளில், இன்னொருவர் அந்த நிரலைத் திறந்து எவ்வளவு நேரத்தில் கோளாறைக் கண்டுபிடிப்பார்? ஒரு நிறுவனத்துக்குப் பொதுவாக ஒரு ஃபிரேம்வொர்க் எதற்கு என்று என்னைக் கேட்டால், இதற்குத்தான் என்பேன். மற்ற பயன் எல்லாம் இதன் பின்னால் வருவது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் ஒருநாள் காலை கணக்குப் பிரிவிலிருந்து போன் வந்தது. முந்தைய நாள் வசூலும் அன்றைய வசூலும் இடிக்கிறது. பார்த்தால், நள்ளிரவு தாண்டிப் போட்ட ரசீதுகள் சில முந்தைய நாள் தேதியில் உட்கார்ந்திருந்தன, சில சரியான தேதியில் இருந்தன. உலகப் பொது நேரத்துக்கும் உள்ளூர் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் காரணம் என்று ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. எங்கே திருத்துவது என்பதுதான் புரியவில்லை. நான் எழுதும் ஜாங்கோ ப்ராஜெக்டாக இருந்தால் செட்டிங்ஸ் கோப்பில் நேர மண்டலத்துக்கு ஒரு வரி, டேட்டாபேஸில் பொது நேரத்தையே வைப்பதற்கு ஒரு வரி. முதலில் பார்க்க வேண்டிய இடம் அது என்று யாருக்கும் தெரியும். இந்த ப்ராஜெக்ட் ஒருவர் தனக்குப் பிடித்த லைப்ரரிகளை (பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்புகளை) பொறுக்கி, தானே கட்டியது. அவர் நீண்ட விடுப்பில் போயிருந்தார். தேதியைத் தொடும் இடங்களைத் தேடித் தேடி ஒரு தாளில் எழுதினோம். 23 இடம் வந்தது. சில பிரவுசரில் கணக்கிடப்பட்டன, சில சர்வரில், சில டேட்டாபேஸிடம் கேட்கும் எஸ்க்யூஎல் வாக்கியத்துக்குள்ளேயே. நானும் இன்னொருவரும் மறுநாள் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.

அவர் நல்ல நிரலாளர். ஒவ்வொரு கோப்பையும் தனியாக எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. எதை எங்கே வைப்பது என்ற ஒப்பந்தம் மட்டும் அவர் மனதிலேயே இருந்தது. ஃபிரேம்வொர்க் என்பது அந்த ஒப்பந்தத்தைப் பத்துப் பேருக்கும் பொதுவாக எழுதி வைத்ததுதான். 2004-ல் வெளிவந்த ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற ஃபிரேம்வொர்க் இதையே தன் கொள்கையாக அறிவித்தது: ஒவ்வொன்றையும் நீ அமைக்காதே, வழக்கமான இடத்தில் வை, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றது. பேஸ்கேம்ப் என்ற மென்பொருளைக் கட்டும்போது அதிலிருந்து பிரித்தெடுத்தது ரெயில்ஸ். ஜாங்கோ அமெரிக்காவில் லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் 2003-ல் தொடங்கி, 2005-ல் வெளியானது. செய்தி வந்த அன்றே பக்கம் தயாராக வேண்டும், நாளைக்கு வேறொருவர் அதைத் தொடர வேண்டும் என்ற நெருக்கடியில் உருவான பொருள். இந்தப் பிறப்பு இரண்டிலும் இன்றும் தெரிகிறது.

சரி, தேர்வுக்கு வருவோம். போட்டியில் இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள். டீமில் யாருக்குமே தெரியாத ஒன்றை, எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும், வெளியே விடுங்கள். உங்கள் நிலைமையில் அது லாரவெலும் ஜாங்கோவும். எக்ஸ்பிரஸ் பிரியர்கள் கோபிக்க வேண்டாம். அது வேண்டுமென்றே சின்னதாக வைக்கப்பட்டது. லாகின், டேட்டாபேஸ், மெயில், கோப்புறை அமைப்பு எல்லாவற்றையும் நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவர் இருவர் இருக்கும் இடத்தில் அது வசதி. 14 பேர் என்றால் அந்தத் தேர்வுகளையெல்லாம் எழுதிவைத்து, காலாகாலத்துக்கும் பராமரிப்பது தனி வேலை.

இரண்டையும் ஒரே சிறு வேலையில் போட்டுப் பாருங்கள். நான் வழக்கமாகக் கொடுப்பது விடுப்பு விண்ணப்பம். ஊழியர் உள்ளே நுழைகிறார், விண்ணப்பிக்கிறார், மருத்துவச் சான்றை ஏற்றுகிறார். மேலாளருக்கு மெயில் போகிறது, அவர் ஒப்புதல் தருகிறார். பணியாளர் பிரிவு எல்லாவற்றையும் தேதிவாரியாகத் தேடிப் பார்க்கிறது. சின்ன வேலைபோலத் தெரியும். ஆனால் லாகின், அனுமதி, படிவச் சரிபார்ப்பு, கோப்பு ஏற்றம், மெயில், தேடல், பட்டியலைப் பக்கம் பிரித்தல் என்று உங்கள் ஆறு ப்ராஜெக்டிலும் திரும்பத் திரும்ப வருவது முழுக்க இதற்குள் இருக்கிறது. மூன்று நாள் போதும். செய்பவர் டீமின் கெட்டிக்காரராக இருக்கக் கூடாது, அவர் எதிலும் செய்துவிடுவார். இரண்டு மூன்று வருட அனுபவம் உள்ள நடுத்தரமான இருவரை உட்கார வையுங்கள்.

நான்காம் நாள்தான் முக்கியமானது. இருவரையும் இடம் மாற்றுங்கள். ஜாங்கோவில் எழுதியவர் லாரவெல் நிரலுக்குப் போக வேண்டும், லாரவெலில் எழுதியவர் ஜாங்கோ நிரலுக்கு வர வேண்டும். ஒரு மாற்றத்தைச் சொல்லுங்கள்: 'அரைநாள் விடுப்பும் வேண்டும்.' வாய்திறந்து எதையும் கேட்கக் கூடாது. ஆவணத்தைப் படிக்கலாம், நிரலைப் படிக்கலாம், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். முதல் சரியான கோப்பைத் திறக்க எவ்வளவு நேரம் ஆனது? டேபிளில் ஒரு நெடுவரிசையைச் சேர்க்க என்ன செய்தார்? டேபிள் மாற்றத்தைக் கோப்பாக எழுதி ஓட்டும் மைக்ரேஷன் இரண்டிலுமே உண்டு. அதை அவராகக் கண்டுபிடித்தாரா, அல்லது டேட்டாபேஸில் நேராகக் கை வைத்தாரா? மாற்றம் செய்தபின் பழைய டெஸ்ட்களை ஓட்டினாரா? இந்த ஒரு நாள் குறிப்பு உங்கள் கூட்டங்கள் எல்லாவற்றையும்விட உதவும். நான் மூன்று இடங்களில் இதைச் செய்திருக்கிறேன். ஒரு இடத்தில் முதல் மூன்று நாள் வேகமாக ஓடிய தரப்பு நான்காம் நாள் மதியம்வரை ஒரே கோப்பிலேயே நின்றது.

அடுத்து, பதிப்பு ஏற்றம். பலர் இதைக் கேட்பதே இல்லை, எனக்கு அது பெரிய வருத்தம். இன்று நீங்கள் எடுக்கும் பதிப்பு எதுவும் உங்கள் ப்ராஜெக்டின் ஆயுளுக்கு ஓடாது. லாரவெலுக்கு ஆண்டுக்கொரு பெரிய பதிப்பு. ஒவ்வொன்றுக்கும் பிழைத்திருத்தம் 18 மாதம், பாதுகாப்புத் திருத்தம் 2 ஆண்டு. ஜாங்கோவில் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும். அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் 3 ஆண்டு. 2025 ஏப்ரலில் வந்த 5.2 அப்படிப்பட்டது. ஓடிக்கொண்டிருக்கும் ப்ராஜெக்டில் தலா ஒன்றை நகல் எடுத்து, ஒரு பெரிய பதிப்பு மேலே ஏற்றிப் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆனது, எந்தெந்த வெளி லைப்ரரி முரண்டு பிடித்தது என்று எழுதுங்கள். அந்த மணி நேரத்தை ஆறால் பெருக்கி நிர்வாகத்திடம் கொடுங்கள். ஒவ்வொரு ஆண்டுத் திட்டத்திலும் அந்த நேரம் ஒதுக்கப்பட வேண்டும். அது கிடைக்காவிட்டால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஐந்தாம் ஆண்டில் இன்றைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

ஏற்றாமல் விட்டால் என்ன என்பதற்கு 2017 சாட்சி. ஈக்விஃபாக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனம் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது தெரிந்து, மார்ச் மாதமே திருத்தம் வெளியாகிவிட்டது. மே மாதம் திருடர்கள் அந்த ஓட்டை வழியாகவே உள்ளே புகுந்தார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின. தங்களிடம் ஸ்ட்ரட்ஸ் எங்கே ஓடுகிறது என்று ஸ்கேன் செய்தும் அந்த இடம் சிக்கவில்லை. நீங்கள் ஒரே ஃபிரேம்வொர்க்கை வைத்து, ப்ராஜெக்ட் வாரியாகப் பதிப்பு எண்ணை ஒரு பட்டியலில் எழுதிவைத்தால், திருத்தம் வந்த அன்றைக்கே எங்கெங்கே போட வேண்டும் என்று தெரியும். அந்தப் பட்டியலை இந்த வாரமே தொடங்குங்கள். தேர்வுக்குக் காத்திருக்க வேண்டாம்.

விதிவிலக்குக்கும் வழி வையுங்கள். நேரடி அரட்டை, தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும் கருவித் தகவல் போன்றவற்றுக்கு நோட் பொருத்தமாக இருக்கலாம். கேட்பவர் ஒரு பக்கத்தில் காரணம் எழுதட்டும். அவரைத் தவிர இன்னும் இருவர் அதைப் பராமரிக்கிறேன் என்று கையெழுத்துப் போடட்டும். இரண்டாவது நிபந்தனையைக் கேட்டதும் பாதி விண்ணப்பங்கள் திரும்பிப் போய்விடும் என்பது என் அனுபவம்.

இவ்வளவு சொல்லிவிட்டு என் கருத்தைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. நான் தினமும் எழுதுவது ஜாங்கோ, எனக்குப் பிடித்ததும் அதுதான். ஆனாலும் உங்கள் இடத்தில் இருந்தால் லாரவெல் பக்கம்தான் சாய்வேன். உங்கள் பழைய ப்ராஜெக்டைப் பார்ப்பவர்களுக்கு பிஎச்பி கைவந்தது. லாரவெலும் பிஎச்பியில்தான், அதனால் அவர்கள் மொழி மாறாமல் உள்ளே வரலாம். அந்தப் பழைய ப்ராஜெக்டையும் துண்டு துண்டாக நகர்த்த வழி இருக்கிறது. நான்காம் நாள் குறிப்பு வேறு சொன்னால் என் பேச்சை விட்டுவிட்டு அந்தக் குறிப்பைக் கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் பழைய ப்ராஜெக்டுகளை எல்லாம் புதிய ஃபிரேம்வொர்க்கில் மறுபடி எழுத வேண்டுமா?
– இன்னொரு குழுத் தலைவர்

பதில்: வேண்டாம். ஓடுவதை ஓட விடுங்கள். புதிதாக வரும் வசதியை மட்டும் புதிய ஃபிரேம்வொர்க்கில் எழுதி, வெப் சர்வரில் அந்த முகவரிகளை மட்டும் அங்கே திருப்புங்கள். லாகினை இரண்டு பக்கமும் பகிர்ந்துகொள்ள முதலில் வழி செய்துவிட வேண்டும், அதில்தான் சிக்கல் வரும். அடிக்கடி மாறும் பகுதிகள் முதலில் நகரட்டும். வருடத்துக்கு ஒருமுறை திறக்கும் பகுதி கடைசிவரை பழையதிலேயே இருந்தாலும் பாதகமில்லை, பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும்வரை.

கேள்வி: எங்கள் மூத்த நிரலாளர் தானே எழுதிய ஃபிரேம்வொர்க் ஒன்று பல வருடமாக எங்களிடம் ஓடுகிறது. மிகச் சிறியது, வேகமானது. அதையே பொதுவாக வைத்துக்கொள்ளலாம் என்கிறார். உங்கள் கருத்து?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: அவர் உழைப்பை மதிக்கிறேன். நானும் முன்பு அப்படி ஒன்றை எழுதி, நான்கு வருடம் பராமரித்தவன். முகவரியைப் பிரித்து உரிய செயலுக்கு அனுப்புவதும் பக்கத்தின் வார்ப்பான டெம்ப்ளேட்டை நிரப்புவதும் ஒரு மாத வேலைதான். அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. படிவத்தை வேறு தளத்திலிருந்து யாராவது அனுப்பினால் தடுக்க வேண்டும். பயனர் எழுதிய உரையில் ஸ்கிரிப்ட் இருந்தால் அது ஓடாமல் காட்ட வேண்டும். லாகின் ஆனதும், பயனரை அடையாளம் காணும் செஷன் எண்ணை மாற்ற வேண்டும். ஏற்றும் கோப்பின் பெயரை அப்படியே நம்பக் கூடாது. இவற்றில் கடைசியை நான் விட்டிருந்தேன். வெளியிலிருந்து சோதிக்க வந்தவர் அரைமணி நேரத்தில் செட்டிங்ஸ் கோப்பின் மேல் வேறொரு கோப்பை எழுதிக் காட்டினார். அன்று மாலையே நிர்வாகத்திடம் போய், மாற்றிவிடலாம் என்று நானே சொன்னேன்.

ஜாங்கோவிலோ லாரவெலிலோ ஜாவாவின் ஸ்பிரிங் பூட்டிலோ ஓட்டை இருக்காது என்று சொல்லவில்லை. இருந்தால் உலகத்தில் யாராவது கண்டுபிடிப்பார், எண் போட்டு அறிவிப்பார்கள், திருத்தம் வரும். உங்களுடையதில் கண்டுபிடிக்கப் போகிறவர் யார்? இன்னொன்றும் உண்டு. புதிதாக வேலைக்கு வருபவர் அதை வேறெங்கும் படித்திருக்க முடியாது. சந்தேகம் வந்தால் கேட்க ஒரே ஆள்தான். அந்த ஒருவரை விடுமுறை எடுக்கவிடாமல் வைத்திருப்பது அவருக்கே செய்யும் அநியாயம். அவர் அறிவை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள்: புதிய ஃபிரேம்வொர்க்கில் உங்கள் நிறுவனத்துக்கான மாதிரி ப்ராஜெக்டை அவர்தான் அமைக்க வேண்டும் என்று கேளுங்கள்.

கேள்வி: சர்வர் பக்கம் முடிவாகிவிட்டது. பிரவுசர் பக்கத்துக்கும் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டுமே. ரியாக்ட், ஆங்குலர், வியூ, எது?
– ஒரு தொழில்நுட்ப மேலாளர்

பதில்: அதற்கு முன்னால் ஒரு வேலை. உங்கள் திரைகளை எண்ணுங்கள். எத்தனை திரை வெறும் படிவமும் பட்டியலும்? அவற்றுக்கு சர்வரே பக்கத்தை முழுதாகத் தயாரித்து அனுப்பினால் போதும். படிவச் சரிபார்ப்பை இரண்டு இடத்தில் எழுத வேண்டியதில்லை, பிரவுசருக்குத் தரவு கொடுக்கும் ஏபிஐ ஒன்றைத் தனியாகப் பராமரிக்க வேண்டியதில்லை. இழுத்து நகர்த்தும் கால அட்டவணை, நேரடியாக மாறும் வரைபடம் என்று நான்கைந்து திரை மிஞ்சினால், அவற்றுக்கு மட்டும் ரியாக்டோ வியூவோ போடலாம். மிஞ்சுவது பெரும்பகுதியாக இருந்தால் முழுதாகவே போங்கள்.

இந்தப் பக்கத்தில் மாற்றம் வேகமானது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். 2010-ல் வந்த ஆங்குலர்ஜேஎஸ்-ஸை நம்பிப் பல நிறுவனங்கள் கட்டின. 2016-ல் வந்த ஆங்குலர் 2 முழுக்க வேறு பொருள், பழையதற்கான ஆதரவு 2021 டிசம்பர் 31-உடன் நின்றது. வியூ 2-க்கு 2023 டிசம்பர் 31. ரியாக்டில் தொல்லை வேறு வடிவில் வந்தது: அதன் உரிமத்தோடு இருந்த காப்புரிமை நிபந்தனையால் 2017-ல் பெரிய சர்ச்சை எழுந்து, அதே ஆண்டு செப்டம்பரில் அதை வெளியிட்ட ஃபேஸ்புக் நிறுவனம் நிபந்தனை குறைந்த எம்ஐடி உரிமத்துக்கு மாற்றியது. அன்று உரிமக் கோப்பையே திறந்து பார்க்காமல் எடுத்தவர்கள்தான் அதிகம். நீங்கள் திறந்து பாருங்கள். ஒரு பக்கம்தான் இருக்கும்.

புதிய ப்ராஜெக்டைத் தொடங்கியதும், எத்தனை வெளி லைப்ரரிகள் இறங்கின என்றும் எண்ணுங்கள். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி லைப்ரரி ஒன்றை அதன் ஆசிரியர் நீக்கிவிட, அதைத் தொட்ட ப்ராஜெக்டுகள் உலகம் முழுதும் பில்ட் ஆகாமல், அதாவது ஓடும் வடிவத்துக்குத் தயாராக முடியாமல், நின்றன. சொல்லின் இடப்பக்கம் இடைவெளியை நிரப்பும் வேலை அது. அவ்வளவு சின்ன வேலையை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

மூன்றில் ஒன்று சொல் என்றால்: பெரிய டீம், ஒரே மாதிரி எழுத வேண்டும் என்றால் ஆங்குலர், அதில் வழக்கம் உறுதியாக வகுக்கப்பட்டிருக்கிறது. சர்வர் பக்கத்தில் எழுதுபவர்களே இதையும் பார்ப்பார்கள் என்றால் வியூ. ஆள் கிடைப்பது முக்கியம் என்றால் ரியாக்ட். ஆனால் முகவரி, தரவு, படிவம் ஆகியவற்றுக்கு எந்த லைப்ரரி என்பதையும் சேர்த்தே தீர்மானித்து எழுதிவையுங்கள். அது இல்லாமல் 'ரியாக்ட்தான் எங்கள் பொது ஃபிரேம்வொர்க்' என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. எனக்கு நோட் தெரியும், அதில்தான் ஆர்வம். நிறுவனம் எல்லாரும் ஜாங்கோவுக்கு மாற வேண்டும் என்கிறது. என் எதிர்காலம் வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வேலையை விடலாமா?
– ஒரு இளம் நிரலாளர்

பதில்: விடாதீர்கள் தம்பி, இதற்காக விடாதீர்கள். ஒரு கோரிக்கை வந்தால் என்ன நடக்கிறது, செஷன் எங்கே இருக்கிறது, தேடலுக்கு உதவும் இண்டெக்ஸ் இல்லாத டேபிள் ஏன் தவிக்கிறது, இருவர் ஒரே வரிசையை ஒரே நேரத்தில் திருத்தினால் என்ன ஆகும் – இவை தெரிந்தால் எந்த ஃபிரேம்வொர்க்குக்கும் சில வாரங்களில் போகலாம். ஜாங்கோவில் ஒரு வருடம் எழுதினால் இவை கூடவே வரும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். பாடங்களைப் பார்த்து எழுதுவதோடு நிற்காமல், ஜாங்கோவின் சொந்த நிரலைத் திறந்து படியுங்கள். 'காண்ட்ரிப்' கோப்புறைக்குள் 'ஆத்', அதற்குள் 'ஹாஷர்ஸ்' என்ற கோப்பு. பாஸ்வேர்டை எப்படிக் கலக்கிச் சேமிக்கிறது என்பது அதில் இருக்கிறது. எத்தனை ஆயிரம் முறை கலக்க வேண்டும் என்ற எண்ணை அவர்கள் பதிப்புக்குப் பதிப்பு உயர்த்துவார்கள். அப்படியானால் போன வருடம் பதிவு செய்த பயனரின் பழைய பாஸ்வேர்டு என்ன ஆகும்? அவர் அடுத்தமுறை லாகின் செய்யும் அந்தக் கணத்தில், அவருக்கே தெரியாமல், புதிய எண்ணிக்கையில் மறுபடி கலக்கிச் சேமித்துவிடும். அதைச் செய்யும் வரிகளைத் தேடிக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்ததும், அதையே நோடில் நீங்கள் எழுதினால் எங்கே வைப்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துப் பதில் போடுகிறேன்.